கோப்பை ஜெயித்த கிளப்பின் பங்கு

பாதி மழித்த கன்னத்தோடு வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்க, சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாங்கிய கால்பந்து கிளப்பின் பங்கு இன்றும் இறங்கியிருந்தது. பத்தே நாளில் சரிபாதி!

அது என்ன, சும்மா கிடந்த பணமா? மனைவியின் இரண்டு கண்களுக்கும் ஆபரேஷன் செய்ய மூன்று வருஷமாகச் சேர்த்த பணம். திங்கட்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிளப் கோப்பையை ஜெயித்த மறுநாள், "இனிமே இவங்களைப் பிடிக்க முடியாதுண்ணே" என்று கடையில் நாலு பேர் சொல்ல, இந்த மனுஷன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் மொத்தத்தையும் கொண்டுபோய்க் கொட்டினார். யார் எத்தனை கோல் போட்டார்கள் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆண்டறிக்கை என்று ஒன்று இருப்பதே தெரியாது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

மதியம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். கண் மங்கும்வரை ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதியவள் அவள். திட்டவில்லை. அதுதான் அவரை இன்னும் வதைத்தது.

"அவங்க அறிக்கை போன்ல இருக்கும். எனக்கு எழுத்து தெரியல, நீங்க படிங்க" என்றாள்.

தேடி எடுத்தார். "லாபம் பத்து கோடின்னு போட்டிருக்கு. பாத்தியா, லாபம்தான்!"

"பறக்காதீங்க. டிக்கெட், டிவி, விளம்பரம், எல்லாம் சேத்து வரவு எவ்வளவு?"

"நூறு கோடி."

"ஆட்டக்காரங்க சம்பளம்?"

"தொண்ணூத்தஞ்சு."

"வட்டி, மத்த செலவு?"

"முப்பத்தஞ்சு."

"அப்ப முப்பது கோடி நஷ்டம்தானே வருது! பத்து கோடி லாபம் எங்கேருந்து குதிச்சுது?"

விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். "ஆட்டக்காரரை வேற கிளப்புக்கு வித்த லாபம் நாப்பது கோடி. நம்ம கோல் மன்னனை வித்தாங்கள்ல, அந்தப் பணம்."

"வித்த ஆளை அடுத்த வருஷமும் விக்க முடியுமா? கோப்பை ஜெயிச்ச ஜோர்ல விலை ஏறுச்சு, அறிக்கையைப் படிச்சவங்க வித்துட்டுக் கழண்டுட்டாங்க. விலை விழாம என்ன செய்யும்?"

"நமக்குத் தெரிஞ்ச டீம்தானேன்னு போட்டேன்."

"டீமைத் தெரியும் உங்களுக்கு. கம்பெனியைத் தெரியாது. மிச்சத்தையாவது வித்து எடுங்க."

விற்றார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து இருக்கும் தொகையைச் சொன்னார். "இது ஒரு கண்ணுக்குத்தான் வரும். எந்தக் கண்ணு சார்?" என்று கேட்டாள் நர்ஸ். மனைவிதான் போனை வாங்கி, "வலது கண்ணும்மா" என்றாள்.

சாயங்காலம் கடைக்கு வந்த ஒருவர் போனை நீட்டினார். "பாதி விலைக்குக் கிடைக்குதுண்ணே. கோப்பை ஜெயிச்ச டீம். வாங்கிப் போடட்டுமா?"

சலூன்காரருக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஜெயிச்சா கை தட்டுங்க, விசில் அடிங்க, யார் வேணாம்னா? பணம் போடறதுக்கு முன்னாடி அறிக்கையைப் படிங்க. வரவு எவ்வளவு, அதுல சம்பளம் எவ்வளவு தின்னுது, லாபம் வருஷா வருஷம் வர்றதா, ஆளை வித்து வந்ததான்னு பாருங்க. புரியலைன்னா போடாதீங்க. நான் கோலை எண்ணிட்டுப் போட்டேங்க. என் பொண்டாட்டிக்கு ஒரு கண்ணு போச்சு."