முட்டை தின்னி

யாம் என்கிற ஆபிரிக்கக் கிழங்குப் பெட்டிக்குள் கையை விட்ட அம்புறோஸ், விட்ட வேகத்திலேயே வெளியே இழுத்துக்கொண்டார். பெட்டிக்குள் ஏதோ சீறியது. சூடேறிய தாச்சியில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரு சத்தம்.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் தவராசாவின் கடையில் தமிழ்ச் சாமான் பாதி, ஆபிரிக்கச் சாமான் பாதி. கம்பித் தொழிற்சாலையில் முதுகை முறித்துப் பென்சன் எடுத்த பிறகு, வீட்டில் சும்மா இருக்க ஏலாமல் அம்புறோஸ் அங்கே போய்ப் பெட்டி இறக்கிக் கொடுப்பார். அன்றைக்கு வந்தவை கானா நாட்டுக் கிழங்குகள். அவற்றுக்கு நடுவில் மண்நிறத்தில், முதுகு நெடுகக் கறுத்தப் புள்ளி போட்டு, ஒரு முழத்துக்கு மேல் நீளத்தில் அது சுருண்டு கிடந்தது. உடம்பை உடம்போடு தேய்த்துத் தேய்த்துச் சத்தம் போட்டது.

மன்னாரில் பிறந்த மனிசனுக்கு அந்தச் சத்தத்தை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சுருட்டை. அந்த விரியன் கடித்தால் பல்லடி முரசாலும் இரத்தம் வரும். எத்தனையோ கடல் கடந்து, அகதி முகாம் கடந்து, ஜெர்மனியில் பென்சனும் எடுத்த பிறகு சுருட்டை கடித்தா சாக வேண்டும்? அவர் பின்வாங்கின அந்த நொடியில் பாம்பு பெட்டியால் இறங்கி அலுமாரிக்குக் கீழே போய்விட்டது.

தவராசா கடையைப் பூட்டினான். தீயணைப்புக்காரரைக் கூப்பிடச் சொன்னால் அவன் அழாக்குறையாகக் கும்பிட்டான். நகரசபை ஆக்கள் கேள்விப்பட்டால் கடைக்குச் சீல் வைப்பார்களாம். ஒருத்தருக்கும் மூச்சு விடவேண்டாம், நீங்களே அடிச்சுப் போடுங்கோ அண்ணை என்றான். கதவில் “இன்று விடுமுறை” என்று ஒட்டிவிட்டு, இரண்டு பேரும் மண்வெட்டியும் தும்புத்தடியுமாக அன்றைக்கும் தேடினார்கள், அடுத்த நாளும் தேடினார்கள்.

கடைசியில் அம்புறோஸ்தான் கண்டார். கீழ்த்தட்டில் காடை முட்டைப் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் பாம்பு. பாம்பின் வாய்க்குள் முட்டை.

மண்வெட்டியை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தத் தலை அவருடைய சுண்டுவிரல் அளவுகூட இல்லை. அந்தத் தலை இப்போது முட்டையைச் சுற்றி இழுபட்டு, தோல் கிழியுமாப்போல விரிந்து, கண் இரண்டும் ஓரத்துக்குத் தள்ளுப்பட்டு நின்றது. ஓடவும் முடியாது, சீறவும் முடியாது. அம்புறோஸ் வாழ்க்கையில் நல்லது கெட்டது எல்லாம் செய்தவர்தான். ஆனால் வாய்க்குள் சாப்பாடு இருக்கிறதை அடிக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. தெருநாயானாலும் தின்று முடியட்டும், பிறகு அடிக்கலாம் என்பது அவர் கணக்கு.

“அடியுங்கோ அண்ணை, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?”

“பொறடா. தின்னட்டும்.”

முட்டை கழுத்துக்குள் இறங்கியது. பிறகு உள்ளே ஏதோ நொறுங்கியது, அப்பளம் நொறுங்கினதுபோல. கழுத்தின் வீக்கம் வற்றியது. பாம்பு வாயைப் பிளந்து, முட்டைக் கோதை மட்டும், கசக்கின கடுதாசி மாதிரி மடித்து வெளியே துப்பியது. ஒரு சொட்டு மஞ்சள் கரு சிந்தவில்லை. தவராசா சிலுவை போட்டுக்கொண்டான். அவன் சைவ சமயக்காரன்.

தின்று முடிந்துவிட்டது, இனி அடிக்கலாம். ஆனால் அடிக்கக் கை எழும்பவில்லை. அம்புறோஸ் அதை ஊறுகாய் வாளிக்குள் தள்ளி, மூடியில் ஓட்டை போட்டு, வீட்டுக்குக் கொண்டு போனார்.

வீட்டில் மனைவி வெரோனிக்கா பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. மனிசனுக்கு மூளை பிசகிவிட்டது என்றே நினைத்தாள். சாமித் தட்டில் லூர்து மாதாவுக்குப் பக்கத்தில் இன்னொரு மாதா சுருவம், பாம்பின் தலையை மிதித்தபடி நிற்கிறது. அதைக் காட்டி அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மாதா காலுக்குக் கீழ வைச்சதை, நீங்கள் என்ரை கட்டிலுக்குப் பக்கத்திலயோ வைக்கப் போறியள்?”

அன்றிலிருந்து பின்னறைப் பக்கம் அவள் கால் வைக்கவில்லை.

மகள் லவினியா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். தகப்பனைவிடத் தைரியம் கூடின பிள்ளை. பாம்பைப் படமெடுத்து, டோர்ட்முண்டில் பாம்பு வளர்க்கிற ஒருவனுக்கு அனுப்பிவிட்டு, பதிலோடு வந்தாள். இது சுருட்டை இல்லையாம். சுருட்டை மாதிரி வேஷம் போடுகிற ஆபிரிக்கப் பாம்பாம். விஷம் இல்லை, பல்லும் இல்லை. எலி தவளை எதையும் தொடாது. பறவை முட்டை ஒன்றுதான் சாப்பாடு.

அம்புறோஸ் நம்பவில்லை. முகம் தெரியாத ஒருவன் டோர்ட்முண்டில் இருந்துகொண்டு ஹம்மில் இருக்கிற பாம்புக்குப் பல் இல்லை என்று சொல்லுவானாம், இவர் விரலை நீட்டவேண்டுமாம். பழைய மீன்தொட்டி ஒன்றில் அதை வைத்து, கம்பி இடுக்கியால்தான் எல்லாம் செய்தார். யாராவது நல்லவர் கேட்டால் கொடுத்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டே, கேட்ட இரண்டு பேரையும் சரியில்லை என்று துரத்தினார்.

பிறகு பாம்பு பட்டினி கிடக்கத் தொடங்கியது. கடையில் பசிக்குத் தின்ற காடை முட்டையை இப்போது நாக்கால் தொட்டுப் பார்க்கும், தலையைத் திருப்பும். சுப்பர்மார்க்கட் முட்டையை, அந்த மைமுத்திரை குத்தின முட்டையை, நக்கிக்கூடப் பார்க்காது. பழசு என்றால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. அம்புறோசும் பெட்டியில் எழுதியிருக்கிற திகதியை ஒருநாளும் நம்பினவர் இல்லை. அந்தப் பாம்பில் அவருக்கு மரியாதை வந்தது அப்போதுதான். ஆனால் மரியாதை வந்து என்ன, பாம்பு நாளுக்கு நாள் மெலிந்தது. முதுகெலும்பு வரம்பு மாதிரித் தெரிந்தது. சாகப் போகிறது என்று விளங்கியதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அது வெரோனிக்காவுக்குப் பாம்பைவிடப் பெரிய அதிர்ச்சி.

ரயில் பாதையோரத் தோட்டத்தில் புறா வளர்க்கிற ஹெல்முட், சுரங்கத்தில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். வலது கையில் இரண்டு விரலை நிலக்கரிக்குக் கொடுத்த மனிசன். எத்தனையோ வருஷமாக இரண்டு பேருக்கும் “மோர்கன்” என்ற ஒரு காலை வணக்கத்துக்கு மேல் பேச்சில்லை. அம்புறோஸ் போய், வாயும் கையுமாக, பாம்பு, முட்டை, பசி என்று நடித்துக் காட்டினார். ஹெல்முட் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு புறாக் கூட்டுக்குள் கூட்டிப் போய், கீழ்த்தட்டில் எது வேண்டுமானாலும் எடு, மேல்தட்டில் மட்டும் கை வைக்காதே என்று விரலை ஆட்டிச் சொன்னார். காசு வாங்கவில்லை.

சூடு ஆறாத புறா முட்டையைப் பாம்பு அன்றைக்கே விழுங்கியது. அம்புறோசுக்கு உயிர் வந்தது. ஆனால் மேல்தட்டு மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. காசும் வாங்காமல் ஒருவன் ஒன்றைத் தருகிறான் என்றால், நல்லதை மேலே ஒளித்துவிட்டுக் கழிவைத்தானே தருவான்? உலகம் அப்படித்தானே?

ஆவணி மாதம் வந்தது. கேவலார் மாதா கோவிலில் தமிழர் திருவிழா சனிக்கிழமை. முதல்நாள் பின்னேரம், போக முன்பு பாம்புக்குத் தீன் கொடுத்துவிட்டுப் போவோம் என்று அம்புறோஸ் புறாக் கூட்டுக்குப் போனார். ஹெல்முட் இல்லை. அடுத்த நாள் பந்தயத்துக்குப் புறாக்களைக் கழகத்தில் ஒப்படைக்கப் போயிருந்தார். கீழ்த்தட்டில் ஒரே ஒரு முட்டை. அம்புறோஸ் வழக்கம்போல வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். நல்ல முட்டை தாழும், பழுதானது மிதக்கும். அது மிதந்தது.

நிமிர்ந்து மேல்தட்டைப் பார்த்தார். அடை கிடந்த பேட்டுக்குக் கீழே கையை விட்டு ஒன்றை எடுத்தார். வெதுவெதுப்பாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. தண்ணீரில் போட்டதும் கல்லுப்போலத் தாழ்ந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவேண்டாம். நினைத்தது சரிதானே, இவ்வளவு நாளும் நல்லதை ஒளித்து வைத்திருக்கிறான். பாம்பு அதை இரண்டு தரம் நாக்கால் தொட்டது. புறாச் சூடும் மணமும் இருந்தபடியால் விழுங்கத் தொடங்கியது. அவர் நிம்மதியாகப் படுக்கப் போனார்.

விடிய, வெளிக்கிட்டு நின்றபோது எட்டிப் பார்த்தார். கழுத்தின் வீக்கம் அப்படியே இருந்தது. பாம்பு வாயைப் பிளப்பதும் கழுத்தை நெளிப்பதுமாக, தலையைக் கண்ணாடியில் இடித்துக்கொண்டிருந்தது. தோலுக்குள்ளால் முட்டையின் வெள்ளை தெரிந்தது. உடையவில்லை. இவ்வளவு நேரமாகியும் உடையவில்லை.

பஸ் வந்துவிடும் என்று கூப்பிட வந்த வெரோனிக்கா, கதவடியில் நின்று மனிசனின் முகத்தைப் பார்த்தாள். பட்டுச் சீலையோடு, முதல்தரம், அந்த அறைக்குள் வந்தாள்.

“சாகுதோ?”

“நஞ்சு வைச்சிட்டான். அந்த வெள்ளையன் நஞ்சு வைச்சிட்டான்.”

லவினியாவும் சேர மூன்று பேரும் திருவிழாச் சீலையும் கோட்டுமாக ஹெல்முட்டின் தோட்டத்துக்குப் போனார்கள். ஹெல்முட் கதிரையைப் போட்டு, மணிக்கூட்டுப் பெட்டியை மடியில் வைத்து, ஆகாயத்தைப் பார்த்தபடி இருந்தார். பந்தய நாளில் புறாக்காரனோடு பேசக்கூடாது என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பறந்து வருகிற புறாவின் கால் வளையத்தைக் கழற்றி மணிக்கூட்டில் போட்டால்தான் அது வந்ததாகக் கணக்கு.

“கேள் பிள்ளை,” என்றார் அம்புறோஸ். “என்ன கோதாரியைத் தந்தனீ எண்டு கேள். கொல்லுறதெண்டால் நேரா வந்து கொல்லச் சொல்லு. கள்ளன் எண்டு சொல்லு.”

லவினியா நீட்டி முழக்கி, பணிவாகச் சொன்னாள். கள்ளன் என்ற சொல் அதற்குள் வரவில்லை என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு அம்புறோசுக்கும் ஜெர்மன் தெரியும். ஹெல்முட் ஆகாயத்தில் இருந்து கண்ணை எடுத்தார். எந்தத் தட்டில் எடுத்தாய் என்று மட்டும் கேட்டார்.

அம்புறோஸ் கையை உயர்த்தி மேலே காட்டினார்.

ஹெல்முட் எழும்பிப் போய் மேல்தட்டில் இருந்து ஒரு முட்டையை எடுத்து வந்து, சீமெந்துத் தரையில் ஓங்கி அடித்தார். முட்டை டக்கென்று துள்ளி, வெரோனிக்காவின் செருப்படியில் போய் நின்றது. ஒரு கீறல் இல்லை. சாந்தில் வார்த்த போலி முட்டை. இந்த வருஷம் இனிக் குஞ்சு வேண்டாம் என்றால் உண்மை முட்டையை எடுத்துவிட்டு இதை வைப்பார்களாம். புறா ஏமாந்து அடை கிடக்குமாம். இல்லாவிட்டால் முட்டை போட்டுப் போட்டே மெலிந்துவிடுமாம். லவினியா சொல்லச் சொல்ல அம்புறோசுக்கு விளங்கியது. கல்லுப்போலத் தாழ்ந்தது கல்லேதான்.

ஹெல்முட் கோபிக்கவில்லை. ஒருதரம் ஆகாயத்தைப் பார்த்தார். மணிக்கூட்டுப் பெட்டியைக் கதிரையில் வைத்தார். பிறகு இவர்களுக்கு முன்னால் நடந்தார்.

வீட்டில் அவர் சொன்னது இவ்வளவுதான். புறாவின் தொண்டைப்பையில் அடைத்தால் எண்ணெய் விட்டுக் கீழிருந்து மேலே தடவி எடுப்பது வழக்கம். இதற்கும் அப்படித்தான் செய்து பார்க்கவேண்டும். ஆனால் இரண்டு விரல் இல்லாத தன்னுடைய கையால் தலையைப் பிடித்தால் தடவ ஏலாது, தடவினால் பிடிக்க ஏலாது. மற்றக் கை உன்னுடையது.

அம்புறோஸ் இடுக்கியை எடுத்தார். ஹெல்முட் அதை வாங்கி மேசையில் வைத்தார்.

மாதக்கணக்காக வளர்த்தவர் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. பல் இல்லை என்பது இன்னும் அவருக்கு ஒருவன் சொன்ன கதைதான். வெரோனிக்கா குசினியால் நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். வெளியில் பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் அவளைப் பார்த்தார்.

“மாதாவுக்கு விளங்கும்,” என்றாள். “நீங்கள் பிடியுங்கோ.”

பிடித்தார். பாம்பு குளிராக இருக்கவில்லை, அதுவே அவருக்குப் பெரிய திகைப்பு. எண்ணெயை விட்டார்கள். ஹெல்முட் பெருவிரலால் மெல்ல மெல்லத் தள்ள, அந்த வெள்ளை, வாயின் ஓரத்தில் நகம் அளவு தெரிந்து, திரும்பவும் உள்ளே போனது. இரண்டாம் தரமும் போனது. மூன்றாம் தரம் அம்புறோஸ் தன்னுடைய பெருவிரலை அந்த வாய்க்குள் வைத்துத் தாடையை விரித்துப் பிடித்தார். சாந்து முட்டை வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. அதில் இரத்தம் இருந்தது. பாம்பு அவருடைய விரலை வாய்க்குள் வைத்தபடியே தளர்ந்து கிடந்தது.

ஹெல்முட் தோட்டத்துக்குத் திரும்பியபோது அவருடைய முதல் புறா வந்து, வளையம் கழற்ற ஆளில்லாமல் கூரையில் குந்திக்கொண்டிருந்ததாம். அதை அவர் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரி லவினியாவுக்குச் சொன்னாள்.

பாம்பு சாகவில்லை. ஆனால் சாப்பிடவும் இல்லை. ஹெல்முட் கொடுக்கிற ஒவ்வொரு முட்டையையும் அம்புறோஸ் அவருக்கு முன்னாலேயே நகத்தால் தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகுதான் வாங்கினார். கேவலாருக்குப் போகாத குறைக்கு வெரோனிக்கா வீட்டில் செபமாலை சொன்னாள். பாம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் பின்னறைக் கதவை அவள் இப்போது மூடி வைப்பதில்லை. பாம்பு முட்டையை நாக்கால் தொடும், பின்வாங்கும், மூலைக்குப் போய்ச் சுருளும். கிழமைகள் போயின. முதுகெலும்பு திரும்பவும் தெரிந்தது. அம்புறோஸ் இன்னொருதரம் ஹெல்முட்டை வீட்டுக்குக் கூட்டி வந்தார். என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தொட்டிக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்தார்கள்.

இருட்டுகிற நேரத்தில் பாம்பு முட்டைக்குக் கிட்ட வந்தது. நாக்கால் தொட்டது. சுற்றி வந்தது. திரும்பவும் தொட்டது. வாயைப் பிளந்தது. அம்புறோஸ் ஹெல்முட்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். முட்டை கழுத்துக்குள் இறங்கி, அங்கேயே நின்றது. நின்றது, நின்றது.

குசினிக்குள் இருந்து வெரோனிக்காவின் குரல் வந்தது.

“உடைஞ்சிட்டுதோ?”

“பேசாதை,” என்றார் அம்புறோஸ்.

பிறகு அது நொறுங்கியது.