செனான் பல்புக்கு ஒரு பொட்டு

சங்கையாவுக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. பசியெல்லாம் இல்லை, சுத்தமான பொறாமை. வேறு என்ன பெயர் வைத்தாலும் அது பொய்.

சக்குபள்ளத்தில் ஏலக்காட்டு ஜனம் படம் பார்க்கிற கொட்டகை ஒன்றே ஒன்று. கருத்தப்பாண்டி முதலாளியுடையது. அது திறந்த நாள் முதலாய் அங்கே மிஷின் ஓட்டுகிறவன் சங்கையா. இரண்டு கார்பன் குச்சிகளை நெருக்கிப் பொறி பறக்கவிட்டு, குச்சி கரையக் கரையத் தள்ளிவிட்டு, கண்ணெரிச்சலும் கரியுமாய்த் திரைக்கு வெளிச்சம் காட்டியவன். படம் கொஞ்சம் மங்கினால் போதும், கீழேயிருந்து விசில் கிளம்பும், அவனைப் பெற்றவர்கள் வரைக்கும் வசவு போகும். இத்தனையும் வாங்கிக் கட்டிக்கொண்டவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மதுரைப் பக்கம் ஒரு கொட்டகையில் கழித்துப்போட்ட செனான் லைட்டுப் பெட்டியை முதலாளி வாங்கிவிட்டார். அதை மாட்டுவதற்குக் கம்பத்திலிருந்து சுருளிவேல் என்று ஒருத்தனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

குச்சியும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், ஒரே பல்பு, தட்டினால் பட்டப்பகல் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தானாம். அதைச் சொல்லும்போது முதலாளிக்கு வாயெல்லாம் பல். இனிமேல் ஆபரேட்டர் ரூமில் யார் உட்காருவது என்பதைப் பல்பு எரிந்த பிறகு சொல்கிறேன் என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். சங்கையாவின் சோறு அந்த ஒரு பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

வந்தவனுக்கும் சங்கையா வயசுதான் இருக்கும். ஆனால் தலையில் ஒரு நரை இல்லை, சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. முதலாளியம்மா சாந்தம்மாள் அவனுக்குக் கண்ணாடி கிளாசில் காப்பி அனுப்பினாள், சங்கையாவுக்கு வழக்கமான அலுமினியத் தம்ளர். அதுகூடப் போகட்டும். மத்தியானம் சோறு கொண்டுவந்த சங்கையாவின் சொந்தப் பெண்டாட்டி குருவம்மாளே பெரிய கருவாட்டுத் துண்டை எடுத்துச் சுருளிவேல் இலையில் வைத்தாள். பாவம், தூரத்திலிருந்து வந்த மனுஷன் என்றாள். கம்பம் என்ன காசியா? மலையை விட்டு இறங்கினால் கம்பம்.

பெட்டி பழசு. ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது, கதவுக் கொண்டி ஆடியது. சுருளிவேல் முகத்துக்கு மறைப்பும் கைக்கு வெள்ளைத் துணியுறையும் போட்டுக்கொண்டு, தொட்டில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி பல்பை எடுத்து மாட்டினான்.

"அண்ணே, இந்தக் கண்ணாடியில வெறுங்கை படக் கூடாது. கை எண்ணெய் பட்டாக்கூட, சூடேறினதும் வெடிச்சாலும் வெடிச்சிரும். உள்ள அவ்வளவு இறுக்கமா வாயு அடைச்சிருக்கு."

இதை அவன் இரண்டு தடவை சொன்னான். சங்கையா இரண்டு தடவையும் தலையாட்டினான்.

பிறகு சுருளிவேல் முதலாளியோடு கீழே போய்க் கரண்டு இணைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, சாந்தம்மாள் சந்தனம், குங்குமம், சூடத்தட்டோடு மேலே வந்தாள். ஜீப்பு வந்தாலும் மோட்டார் வந்தாலும் ஓட விடுவதற்கு முன்னால் பொட்டு வைத்தாக வேண்டும். பழைய லைட்டுப் பெட்டிக்கு வெள்ளிக்கிழமைதோறும் சங்கையாவே வைப்பான். இரும்புப் பெட்டி, எங்கே வைத்தாலும் தாங்கும். இதிலோ கதவு திறந்து கிடந்தது, உள்ளே பல்பு பளபளவென்று நின்றது. எந்த இடத்தில் வைப்பது என்று அவள் கேட்டாள்.

"வெளிச்சம் வர்ற எடத்துலதாம்மா வைக்கணும்" என்றான் சங்கையா.

குரல் நடுங்கக்கூட இல்லை, பாவிப்பயலுக்கு. அவள் மோதிர விரலால் பல்பின் வயிற்றில் தடியாய்ச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டு இறங்கினாள். ஒழியட்டும் என்று நினைத்தான் சங்கையா. பல்பு வெடிக்கும், முதலாளி குதிப்பார், இவன் மூட்டையைக் கட்டுவான், நாளைக்குக் கார்பன் குச்சி திரும்பி வரும். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை.

சுருளிவேல் வந்தான். தன் கையால் மாட்டியதுதானே என்று உள்ளே திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்தி, ஆடுகிற கொண்டியைக் கம்பியால் கட்டினான். அப்படியும் கதவு கொஞ்சம் வாய் பிளந்தே நின்றது. முகத்து மறைப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கதவிலிருந்த கறுப்புக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டான். பல்பு எரியும்போது பார்த்துப் பார்த்து வெளிச்சத்தைத் திரைக்குத் தள்ளுகிற ஆடியைத் திருப்ப வேண்டுமாம்.

"ஸ்விட்ச நீங்க போடுங்கண்ணே. மொதலாளி என்னைய இங்கயே இருக்கச் சொன்னாரு. சங்கையாண்ணன் இருக்கையில நான் எதுக்குன்னு சொல்லிட்டேன். எரிய வச்சிட்டு சாயந்தர ஜீப்புல எறங்கிருவேன்."

அடப்பாவி, இதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சங்கையாவின் விரல் ஸ்விட்சின் மேல் இருந்தது. நாளெல்லாம் பார்த்துப் பொருமிய அந்த முகம் கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெடித்தால் கண்ணாடிச் சில்லு எங்கே போகும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கையை எடுத்துவிட்டான்.

"மூஞ்சிய எடு, சுருளி. பல்புல சந்தனம் இருக்கு."

சுருளிவேல் உறையை மாட்டிக் கதவைத் திறந்து பார்த்தான். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தான். முதல் வெளிச்சம் பார்க்க முதலாளியும் அம்மாவும் மேலேறி வந்தது அந்த நேரம்தான். யார் வைத்தது இது என்று முதலாளி கத்தினார். நான்தான், வெளிச்சம் வருகிற இடத்தில் வைக்கணும் என்று சங்கையாண்ணன்தானே சொன்னார் என்றாள் சாந்தம்மாள், கள்ளமில்லாமல். முதலாளி சங்கையாவைப் பார்த்தார்.

"அவரு மேல தப்பில்ல மொதலாளி" என்றான் சுருளிவேல், துடைக்கிற கையை நிறுத்தாமல். "தொடக் கூடாதுன்னு நான் அவருகிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

சங்கையாவுக்கு விழ வேண்டிய திட்டெல்லாம் அவனுக்கு விழுந்தது. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். பிறகு பல்பு எரிந்தது. திரையிலிருந்த ஒட்டுத் தையல்கூடத் தெரிந்தது. ரூம் உனக்குத்தான் என்று முதலாளி சங்கையாவின் முதுகில் தட்டினார்.

சாயந்திரம் ஜீப்பு கிளம்புவதை ஆபரேட்டர் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான் சங்கையா. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மாதிரி ஒரு பொய்யை இந்த ஜென்மத்தில் அவனால் யாருக்காகவும் சொல்லியிருக்க முடியாது, அது அவனுக்கே தெரியும். காலையில் சட்டையைப் பார்த்தும் மத்தியானம் கருவாட்டைப் பார்த்தும் எரிந்த வயிறு, இப்போது அந்தப் பொய்யை நினைத்து எரிந்தது.