இரண்டாம் சரணத்துக்கு முன்

ஒரு பாட்டைக் கேட்கும்போது நீங்கள் எந்த இடத்தில் மூச்சை இழுக்கிறீர்கள் என்று எப்போதாவது கவனித்ததுண்டா? ஊரே முணுமுணுத்த அந்தக் காதல் பாட்டைப் பாடியவள் பத்தொன்பது வருடம் மூச்சு விடாமல் இருந்தாள். அவள் புருஷன் ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப் வெட்டி ஒட்டுபவன். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காமல் பாட்டு ஒரு விநாடி நீண்டுவிட்டது. சீக்கிரம், சீக்கிரம் என்று தயாரிப்பாளர் தலைமேல் நின்றார். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் அவள் இழுத்த மூச்சைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு முனைகளை ஒட்டினான். வெட்டிய துண்டு குப்பையோடு போனது. அன்று சாயங்காலத்திலிருந்து அவள் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. பேசினாள், சிரித்தாள், சமைத்தாள். பாட மட்டும் வரவில்லை. டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா ஓடுதும்மா, மூச்சுதான் காணோம். எதுக்கும் உப்பைக் குறைச்சுக்கங்க" என்றார்.

பாட்டு நிலைத்ததற்கு மெட்டு, குரல், கிட்டார் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உண்மை வேறு. மூச்சு இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லாததால், கேட்பவர்களுக்கு நெஞ்சு அடைத்தது. அவளுக்காக அவர்களே இழுத்தார்கள். முடிதிருத்துபவர் கத்தியை நிறுத்தி இழுத்தார், பஸ் டிரைவர் வளைவில் இழுத்தார். இழுத்ததும் ஏதோ பாரம் இறங்கியது போலிருக்க, இன்னொரு தரம் கேட்டார்கள். அந்தக் காற்றில் ஆளுக்குக் கொஞ்சம் அவளுக்கு வந்து சேர்ந்தது. வீட்டு ரேடியோ அணைந்திருந்தாலும், எங்கோ பாட்டு ஒலித்தால் அவள் கன்னம் சிவக்கும். புதுப் பாட்டுகள் குவிந்த ஒரு வாரம் அவள் நகம் நீலமானது. அந்த வாரம் பிடித்த பயம் அவள் புருஷனை விடவில்லை. பொய்ப் பெயர்களில் நேயர் விருப்பக் கடிதம் எழுதினான். பக்கத்து வீட்டுக்காரர் புது மெட்டை விசிலடித்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

"பாட்டுன்னா பழசாகத்தான் செய்யும். அதுக்குப் போய் இப்படி வெளிறிப்போறீங்களே" என்பாள் அவள்.

பத்தொன்பதாம் வருடம் நாட்டின் தலைவர் இறந்தார். மூன்று நாள் துக்கம். ரேடியோவில் சோக வயலின் மட்டும். பாட்டுப் போட்ட கடை ஒன்றை அடித்து நொறுக்கினார்கள். மூன்றாம் நாள் மதியம் அவள் உதடும் நீலமானது. அவன் முடிதிருத்துபவரிடம் ஓடினான்.

"அண்ணே, அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை போடுங்க."

"கடையைக் கொளுத்திருவானுங்கப்பா. நாளைக்கு வா, பத்துத் தடவை போடுறேன்."

"நாளைக்கு அவ இருக்கமாட்டாண்ணே."

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஷட்டரை இறக்கினார்.

வீட்டுக்கு வந்து இசைத்தட்டைச் சத்தம் குறைத்துத் தானே ஓடவிட்டான். பலனில்லை. கேட்டவர்களில் அந்த இடத்தில் மூச்சிழுக்காதவன் அவன் ஒருவன்தான். வெட்டியவன் காதுக்கு அது வெறும் ஒட்டு. கொளுத்தும் வெயிலில் அவள், "ஜன்னலைச் சாத்துங்க, குளிருது" என்றாள். குரல் தரையிலிருந்து வருவது போலிருந்தது.

ஜன்னலைச் சாத்தினான். பிறகு அவனே பாட ஆரம்பித்தான். வாழ்க்கையில் பாடியதே இல்லை. முதல் சரணம் முடியும்போது மூச்சு தீர்ந்துவிட்டது. பாடத் தெரியாதவன் அந்த இடத்தை மூச்சிழுக்காமல் தாண்ட முடியாது. இழுத்தான். அவள் கால்விரல் அசைந்தது.

"சுருதி எங்கயோ போகுது" என்றாள்.

"பேசாம படு."

விளக்கு வைக்கும் நேரம்வரை திரும்பத் திரும்பப் பாடினான். ஆயிரம் பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததை அன்று ஒருவனே முழுதாகக் கொடுக்கவேண்டியிருந்தது. அவள் நகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

மறுநாள் காலை அவனுக்கும் மூச்சு இல்லை. இருவரும் பல் தேய்த்து, காபி குடித்தார்கள். எட்டு மணிக்கு ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்தது, அந்தப் பாட்டு வந்ததும் இருவர் கன்னமும் சிவந்தது. எட்டரைக்கு அவன் வேலைக்குப் போனான்.