ஜீரோ காட்டிய மீட்டர்

மழை விட்ட மறுநாள் காலை. ராணிப்பேட்டைக்கு வெளியே இருக்கும் அந்த இரும்பு உருக்காலையின் வாசலில் சைரன் அலறியதும், எடை மேடையருகே நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"ஆரம்பிச்சுடுச்சுடா அழுமூஞ்சி!"

அழுமூஞ்சி என்று அவர்கள் பெயர் வைத்திருந்தது, வாசலின் இரு பக்கமும் நின்ற மஞ்சள் தூண்களுக்கு. பழைய இரும்பு ஏற்றிவரும் லாரிகள் அவற்றின் நடுவே நுழையும்போது, சுமையில் கதிர்வீச்சுப் பொருள் ஏதாவது கலந்திருந்தால் சைரன் அடிக்கும். ஆனால் அந்த ஐப்பசி முழுக்க அது மழைக்கெல்லாம் அடித்தது. இடது தூணின் கேபிள் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்ததைக் கண்டுபிடித்து, காயவைத்து, புது ரப்பர் வளையம் போட்டு மூடியவள் பூர்ணிமா. இயற்பியல் படித்து, கதிர்வீச்சுப் பாதுகாப்பில் தனிப் பயிற்சி முடித்து, திமிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். 'இனிமே சும்மா அழாது சார்' என்று மேனேஜர் ஆதிகேசவனிடம் முந்தின நாள்தான் அடித்துச் சொல்லியிருந்தாள்.

அவர் இப்போது விடுவிடுவென்று வந்தார்.

"இன்னாம்மா, சரி பண்ணிட்டேன்னியே? உள்ள ஃபர்னஸ் சரக்குக்குக் காத்துக்கினு கீது. அத்த ஆஃப் பண்ணிட்டு வண்டிய வுடு."

பூர்ணிமாவுக்கு முகம் சுட்டது. அலறியது மறுபடியும் அதே இடது தூண்தான். தன் வேலைமேல் தனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"ஒரே ஒரு தடவ சார். வண்டியத் திருப்பி ரிவர்ஸ்ல வரச் சொல்றேன். தூண்ல கோளாறுன்னா திரும்பவும் இடது பக்கமே அடிக்கும். சரக்குல இருந்தா வலது பக்கம் மாறிடும்."

ஆம்பூரிலிருந்து லாரி ஓட்டி வந்த லியாகத் அலி, "காலங்காத்தால பேஜாரா போச்சும்மா" என்று முணுமுணுத்தார். ஆனாலும் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே உள்ளே விட்டார்.

வலது தூண் அலறியது.

சிரிப்பு அடங்கிப் போயிற்று. "பாய், வண்டிய அங்கயே வுட்டுட்டு எறங்கி வாங்க" என்று கத்தினாள் பூர்ணிமா. அதற்குள் ஆதிகேசவன், காவலாளி அறையில் தொங்கிய, கதிர்வீச்சை அளக்கும் கை மீட்டரை எடுத்து லாரியை நோக்கி நீட்டியிருந்தார்.

"பாரு, ஜீரோ! ஒண்ணுமே இல்ல."

சுற்றி நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். பூர்ணிமா மட்டும் அதை வாங்கக் கை நீட்டினாள்.

"ஜீரோ வரவே கூடாது சார். நம்ம காலடி மண்ணுலயே கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கு. சும்மா வெச்சிருந்தாக்கூட இது அப்பப்ப டிக்குன்னு அடிக்கணும். செத்த மீட்டர்தான் ஜீரோ காட்டும்."

வாங்கித் திறந்தாள். பேட்டரி கசிந்து, உள்ளே இருந்த ஸ்பிரிங் பச்சை பூத்துக் கிடந்தது. பட்டறையிலிருந்து உப்புத்தாள் வாங்கித் தேய்த்தாள், புது பேட்டரி போட்டாள். டிக். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு டிக். சோதனைக்கென்று ஆலையில் வைத்திருந்த, துளி கதிர்வீச்சுள்ள வில்லையை அருகே காட்டியதும் முள் எழுந்தது. மீட்டர் பிழைத்துக்கொண்டது.

அதை முன்னால் நீட்டியபடி லாரியை நோக்கி மெல்ல நடந்தாள். டிக் டிக் என்றிருந்த சத்தம், இடது பின்சக்கரத்தை நெருங்க நெருங்க எண்ணெயில் விழுந்த கடுகாகப் படபடத்தது. அதற்குமேல் ஓர் அடிகூட வைக்காமல் பின்வாங்கினாள்.

"எல்லாரும் தூரப் போங்க! சரக்கு மேல யாரும் கை வெக்காதீங்க!"

இந்தத் தடவை யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. யாரும் நெருங்காதபடி கயிறு எங்கே கட்ட வேண்டுமென்று அவள் மீட்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஆதிகேசவனே பிடித்துக் கட்டினார். மும்பையிலிருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு அவளே போன் போட்டாள்.

மதியத்துக்குமேல் கல்பாக்கம் அணுசக்தி மையத்திலிருந்து நிபுணர்கள் வந்து, நீண்ட இடுக்கியால் சுமையைக் கிளறி ஒரு துருப்பிடித்த இரும்பு டப்பாவை எடுத்தார்கள். எப்போதோ மூடிப்போன ஒரு ரசாயன ஆலையில், தொட்டியின் அளவு பார்க்கும் கருவியிலிருந்து கழன்று வந்தது. உள்ளே இருந்த கதிர்வீச்சுப் பொருளை மூடியிருந்த ஈயக் கவசம் பிளந்திருந்தது. அதை ஈயப் பெட்டிக்குள் இறக்கிப் பூட்டியதும், வந்தவர்களில் மூத்த பெண் அதிகாரி பூர்ணிமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இது உலைக்குள்ள போயிருந்தா உங்க ஆலையே மாசக்கணக்குல மூடிக் கெடந்திருக்கும். உருக்கின கம்பி எத்தன பேர் வீட்டுக்குப் போயிருக்குமோ!"

லியாகத் அலியைப் பரிசோதித்தவர்கள் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு மூணு பொண்ணும்மா. நீ நாலாவது."

உலை ஆட்கள் எல்லாம் வாசலுக்கு வந்திருந்தார்கள். முதலில் யார் கைதட்டியது என்று தெரியவில்லை. தகரக் கூரை அதிர்ந்தது. ஆதிகேசவன் தொண்டையைக் கனைத்தார்.

"இனிமே இந்த வாசல்ல பூர்ணிமா சொன்னாதான் வண்டி உள்ள வரும். நான் சொன்னாக்கூட கேக்காதீங்க."

பூர்ணிமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பா கன்னியப்பனுக்கு போன் போட்டாள். அந்த நேரத்தில் அவர் நெல் வயலில் இருப்பார்.

"அப்பா, நான் ஜெயிச்சுட்டேன்பா" என்றாள். அதற்குமேல் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.