தீர்ந்துபோன பாகற்காய்

எங்கள் குடியிருப்பின் பின்னால் சும்மா கிடந்த நிலத்தை இருபத்திரண்டு பாத்திகளாகப் பிரித்து, கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கினேன். தக்காளி போட்டேன், கருகிப் போயிற்று. அவரை போட்டேன், எனக்கு முன்னால் பூச்சி சாப்பிட்டு முடித்தது. கடைசியில் வேறு விதை கிடைக்காமல் பாகல் ஊன்றினேன். அதற்குத்தான் என் கைராசி பிடித்தது போலிருக்கிறது. பந்தலைத் தாண்டிப் பக்கத்துப் பாத்திக் கம்பியையும் பற்றிக்கொண்டு காய்த்துத் தள்ளியது.

ஞாயிறு காலையில் தோட்டத்து வாசலில் ஒரு மேசை போடுவார்கள். மேசை என்றால், இரண்டு டிரம்மின் மேல் கிடத்திய பழைய கதவு. விளைந்ததைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், வேண்டியதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். யார் எதை எடுத்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. பாத்தி இல்லாதவர்களும் கூசாமல் வந்து எடுக்கட்டும் என்று வைத்த சட்டம். நல்ல சட்டம்தான். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

நான் முப்பது வருடம் ஆடை ஆலையில் துணி வெட்டினவள். கோடு கொஞ்சம் தப்பினாலும் எனக்குப் பொறுக்காது. காய்களை ஐந்தைந்தாகச் சேர்த்து, ஆலையிலிருந்து கொண்டுவந்த நீலக்கோட்டு ஓரத்துணியால் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு வைப்பேன். முதல் மாதம் முழுக்க அந்தக் கதவின் மேல் என் கட்டுகள் மட்டும் மிஞ்சின. இரண்டாம் மாடி நர்ஸ் வைக்கும் தக்காளிக்கு அடிதடி நடக்கும். என் கட்டைத் தூக்கிப் பார்த்து, "சுகருக்கு நல்லதாமே" என்று சொல்லிவிட்டு, பத்திரமாக அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் படிக்கட்டில் "பாகற்காயம்மா வருது" என்று யாரோ கிசுகிசுத்தது காதில் விழுந்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் படியேறினேன். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுததைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்.

மேசையைப் பார்த்துக்கொள்பவர் எங்கள் கட்டடத்து பிளம்பர். நாற்பது வயதிருக்கும். தோட்டத்துக்குக் குழாய் போட்டவர் அவர்தான், தினமும் தண்ணீர் திறந்துவிடுபவரும் அவர்தான். மற்றபடி பாத்தி கிடையாது, வாழ்நாளில் ஒரு செடி வைத்ததில்லை. ஐந்தாவது ஞாயிறு மதியம், வழக்கம் போல மிச்சத்தை எடுத்து வரப் போனேன். மேசை காலி.

"எங்க தம்பி என் காய்?"

"தீர்ந்துடுச்சுக்கா."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

தீர்ந்துடுச்சு. அந்த ஒரு சொல்லை வாயில் போட்டு மென்றபடியே மூன்று மாடி ஏறினேன். முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறும் தீர்ந்தது. அதற்கடுத்த ஞாயிறும். யார் என்று கேட்கத்தான் முடியாதே தவிர, மூக்குக்கு யார் தடை போட முடியும்? மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொரு கதவருகிலும் செருப்பைச் சரிசெய்வது போல நின்று மோப்பம் பிடித்தேன். வெங்காயம் வந்தது, மீன் வந்தது, கருகிய பால் வந்தது. பாகற்காய் வறுக்கும் வாசனை மட்டும் ஒரு கதவிலும் வரவில்லை. அதனாலென்ன, ஜன்னலைத் திறந்துவைத்து வறுப்பவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆள் எனக்குள் உருவாகிவிட்டார். என்னைப் போலத் தனிக்கட்டை. கசப்புக்கு முகம் சுளிக்காதவர். ஒரே தட்டு வைத்துக்கொண்டு சாப்பிடுபவர். அவருக்காகப் பெரிய காய்களாகப் பார்த்துப் பறித்தேன். சனிக்கிழமையானால் ஓரத்துணியைக்கூடத் துவைத்துக் காயவைத்தேன்.

மகள் ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஆறு மாதமாக நச்சரிப்பு.

"அங்க உனக்குன்னு யாரும்மா இருக்கா?"

"இருக்காங்க. என் காய்க்காகவே ஒரு ஆள் காத்துக்கிட்டு இருக்கு."

"யாரு?"

"தெரியாது. கேக்கக் கூடாது."

"என்னம்மா பேசற நீ? மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவச் சொல்லு."

முடிவு எனக்குத் தெரிந்ததுதான். அந்த ஆளை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

மழை விட்ட ஒரு புதன்கிழமை, உரம் அள்ளக் கூடையோடு உரக்குழிக்குப் போனேன். குழியின் ஓரத்தில் சருகைத் தள்ளிக்கொண்டு பத்துப் பதினைந்து நாற்றுகள். இலையைக் கிள்ளி முகர்ந்தேன். பாகல். இந்தத் தோட்டத்தில் என்னைத் தவிர யாரும் பாகல் போடுவதில்லை. சமைத்தவர் விதையைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார் என்று முதலில் சந்தோஷம்தான் பட்டேன், பைத்தியக்காரி. சருகைக் கையால் விலக்கினேன். பழுத்து வெடித்த முழுக் காய்கள், ஐந்தைந்தாக. நீலக்கோட்டுத் துணி மண்ணேறிக் கிடந்தது. நான் போட்ட இரட்டை முடிச்சை யாரும் அவிழ்க்கவே இல்லை.

'தீர்ந்துடுச்சு' என்று சொன்னவர் செடி வைத்துப் பழகியவராக இருந்தால் நறுக்கி, விதையை நசுக்கி, ஆழத்தில் புதைத்திருப்பார். முழுக் காயை மேலாகப் போட்டுச் சருகால் மூடினால் முளைக்கும் என்று குழாய் பிடிப்பவருக்கு எப்படித் தெரியும்? என் மனதில் இருந்த அந்த ஆள் அந்தக் குழியிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் போனதற்கு நான் மட்டும்தான் அழ முடியும். யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

துணியை உருவி எடுத்துக்கொண்டு நேராக மோட்டார் அறைக்குப் போனேன். பிளம்பர் ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதுவரை 'நீங்க' போட்டுப் பேசியவள், அன்றைக்கு மறந்துபோனேன்.

"தீர்ந்துடுச்சு தீர்ந்துடுச்சுன்னியே, இதான் தீர்ந்த லட்சணமா?"

அவர் துணியைப் பார்த்தார். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மிச்சத்த மடியில கட்டிக்கிட்டுப் படியேறுவீங்கல்ல. அதப் பாக்க முடியலக்கா. நானே எடுத்துட்டேன். எங்க வீட்டுல யாரும் தொட மாட்டாங்க. வேற என்ன பண்றதுன்னு தெரியல."

"உன்னைய யாரு பாக்கச் சொன்னா?"

அவர் கழற்றிய வால்வை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு துண்டாவது தின்னு பாத்தியா?"

"இல்லக்கா."

"ஞாயித்துக்கிழமை மதியம் வீட்டுக்கு வா."

அது விருந்தா தண்டனையா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் வந்தார், தலையைப் படிய வாரிக்கொண்டு. இரண்டாவது தட்டைப் பரணிலிருந்து இறக்கித் தூசி போகக் கழுவ வேண்டியிருந்தது. காயை மெல்லிய வளையங்களாக நறுக்கி, உப்புப் பிசறி, மொறுமொறுவென்று வறுத்து வைத்தேன். முதல் துண்டிலேயே அவர் முகம் கோணிப்போனது.

"எப்படி இருக்கு?"

"நல்லா..." என்று ஆரம்பித்தவர், என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு நிறுத்தினார். "கசக்குதுக்கா. ரொம்பக் கசக்குது."

இந்தக் கட்டடத்துக்கு வந்த ஒன்றரை வருடத்தில் என் முகத்துக்கு நேராக ஒருவர் சொன்ன முதல் உண்மை அது. வலித்தது. வலித்தாலும், 'தீர்ந்துடுச்சு'வைவிட அது எனக்குத் தேவலாம் என்று இருந்தது.

"இனிமே மிச்சமானா மிச்சம்னு சொல்லணும்."

"மிச்சமாகும்கா. கண்டிப்பா ஆகும்."

"ஆகட்டும். நானே எடுத்துட்டுப் போறேன்."

போன் அடித்தது. மகள்.

"என்னம்மா, தட்டுச் சத்தம் கேக்குது? அந்த ஆளா?"

"அப்படி ஒரு ஆளே இல்லடி."

"அப்ப யாரு?"

திரும்பிப் பார்த்தேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அடுத்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம பிளம்பர். பாகற்காய் சாப்பிடறார். பிடிக்கலையாம்," என்றேன். "ஆனா இன்னும் எந்திரிச்சுப் போகல."