வெளுக்காத நீல அங்கி

பாங் ஷியூ ஊருக்குப் போன மறுநாளிலிருந்து அவனுடைய நீல அங்கி தனியாகவே வகுப்புக்கு வந்தது. நான்ஜிங்கில் பேரரசரின் பெருங்கல்லூரியில் சேர்ந்த மாணவன் மூன்று ஆண்டுகள் வெளியே போகக் கூடாது; போனால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். ஊரிலோ தாய்க்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவன் அங்கியைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு மதில் ஏறிக் குதித்தான். காலையில் பெயர் கூப்பிட்டபோது அங்கி வரிசையில் நின்று கை தூக்கியது. அங்கி இல்லாமல் ஆள் வந்தால் பத்து அடி என்று விதியில் இருந்தது; ஆள் இல்லாமல் அங்கி வந்தால் என்ன செய்வதென்று இல்லை. கண்காணிப்பாளர் லியாவ் பிரம்போடு இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்ததாகக் குறித்துக்கொண்டார்.

அங்கி படிப்பில் கெட்டி. ஆனால் கல்லூரிக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. தாய் இறந்தால் பிள்ளை வெள்ளை உடுத்த வேண்டும். அது அங்கிக்கா தெரியாது? அவள் போன அன்றே வெளுத்துவிடும். தினமும் விடிந்ததும் மாணவர்கள் முந்நூறு பேரும் முகம்கூடக் கழுவாமல் அங்கியைப் பார்க்க ஓடினார்கள். "நீலம்டா, நீலம்!" என்று முதலில் பார்த்தவன் கத்திய பிறகுதான் மற்றவர்களுக்குக் கஞ்சி இறங்கியது. எழுபதாம் நாள் அங்கியின் கீழ் ஓரம் வெளுத்தது. உச்சிப்பொழுதுக்குள் வெண்மை இடுப்பைத் தாண்டிவிட்டது. லியாவ் பிரம்பை வீசிவிட்டு ஓடி வந்தார். "விடாதடா! கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்று அங்கியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். முந்நூறு பேரும் கூடவே கத்தினார்கள். கழுத்துவரை ஏறிய வெண்மை அங்கேயே சிறிது நேரம் நின்றது. பிறகு விரல் விரலாக இறங்கியது. மாலையில் அங்கி புதிதாகச் சாயம் தோய்த்ததுபோல் இருந்தது. அப்பாடா என்று எல்லோரும் குதித்தார்கள். லியாவ் எல்லோர் முன்னாலும் அழுதார்.

இலையுதிர் காலத்தில் பாங் ஷியூ தாயை முதுகில் சுமந்துகொண்டு வந்தான். பெயர் போயிருக்கும் என்று வாசலிலேயே நின்றுவிட்டான். தாய் இறங்கி நேரே அங்கியிடம் போனாள். அதன் முழங்கை நைந்திருந்தது.

"இத்தன பேரு படிச்சிருக்கீங்க, ஒருத்தருக்கு ஊசி பிடிக்கத் தெரியாதா?" என்று லியாவைக் கேட்டாள்.

"தப்புதாம்மா," என்றார் லியாவ்.

அவள் படியில் உட்கார்ந்து தைத்தாள். அங்கி கையை நீட்டிக் கொடுத்தது. நூலைப் பல்லால் கடித்து, "போப்பா, போய்ப் படி," என்று அதன் முதுகில் தட்டினாள். பிறகு லியாவ் பெயர் கூப்பிட்டார். பாங் ஷியூ என்றதும் இரண்டு கைகள் உயர்ந்தன. இரண்டையும் குறித்துக்கொண்டு, உள்சட்டையோடு நின்றவனுக்குப் புது அங்கி ஒன்று கொடுக்கச் சொன்னார்.