மாப்பிள்ளையைக் கரையில் விட்டவன்

என் மச்சான், மனைவியின் தம்பி ஜெமீலின் கல்யாணத்தன்று, மாப்பிள்ளையைத் தவிர எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பாதையை அவிழ்த்துவிட்டவன் நான்தான். பாதை என்றால் எங்கள் கிண்ணியாத் துறையில் பஸ்ஸையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாகக் கடத்துகிற மிதவை. இரு கரைக்கும் கட்டிய கம்பியைப் பிடித்து நாங்கள் ஆறு பேர் இழுப்போம். பாதித் தூரம் போனபின் கல்யாண வீட்டுப் பெரியவர் பக்கீர் மாமா திரும்பிப் பார்த்தார். கரையில் ஜெமீல் மாலையும் தொப்பியுமாகக் கையை வீசிக்கொண்டிருந்தான். நானும் அன்போடு கையசைத்தேன்.

அன்று காலை ஹெரோயின் தூள் எடுத்திருந்தேன். என் வாப்பா காலத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் உடம்பு நோவுக்கு அபின் உருண்டை விழுங்கினார்கள். சுதந்திரம் வந்தது, அபின் போனது, கஞ்சா வந்தது. நாட்டின் கதவைத் திறந்துவிட்ட எழுபத்தேழுக்குப் பிறகு கடற்கரை விடுதிகளில் வெள்ளைக்காரர் நிறைந்தார்கள். அவர்களோடு தூளும் இறங்கியது. தேர்தல் மேடையில் போதையை ஒழிப்போம் என்றவர்கள், இறங்கி வந்து சாராயத் தவறணை லைசென்ஸைத் தங்கள் ஆளுக்கே கொடுத்தார்கள். நாட்டின் முன்னேற்றத்தில் நான் ஒரு படியையும் தவறவிடவில்லை.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனம். அதனால் கோபித்துக்கொண்டு தாய்வீடு போகும் சிரமம் என் மனைவி ஸல்ஹாவுக்கு இல்லை. நான் உடுத்தும் இரண்டு சாரங்களும் சவரக்கத்தியும் வாசலுக்கு வந்தன.

கூடக் கம்பி இழுக்கும் தம்பிராசா என்னைப் பாலையூற்றுக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஒன்பது நாள் நடுங்கினேன், வாந்தி எடுத்தேன், அழுதேன். அவன் மனைவி கமலேஸ்வரி கஞ்சிக் கோப்பையோடு வந்து நின்றாள்.

"குடியுங்கோ அண்ணன். சத்தியெடுக்கவும் வயித்தில ஏதும் இருக்கோணுமே."

பிறகு வெள்ளிதோறும் என் வீட்டு வேலியோரம் போய் ஸல்ஹாவிடம் கேட்டேன்: "நான் வீட்டுக்கு வரலாமா?"

முதல் வாரம், "ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு" என்றாள். அடுத்த வாரம், "முருங்கை நல்லாக் காய்ச்சிருக்கு."

நான் வந்து சொன்னதும் தம்பிராசா யோசித்தான். "ரெண்டு குட்டி எண்டா சம்மதம்தான் மச்சான்."

"முருங்கை?"

"அதை என்ட மனிசியிட்டக் கேக்கோணும்."

ஏழாம் வாரம் சந்தைக்குப் போக ஸல்ஹா பாதையில் ஏறினாள். பஸ்ஸின் நிழலில், நான் இழுக்கும் பக்கமாகவே வந்து நின்றாள். தம்பிராசா வானத்தைப் பார்த்துக்கொண்டு இழுத்தான்.

"ஸல்ஹா, வீட்டுக்கு வரலாமா?"

"இனி அதத் தொடமாட்டீங்களா?"

சத்தியம் நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கு நான் செய்த சத்தியங்களை ஏற்றினால் பாதை மூழ்கியிருக்கும்.

"தெரியாது" என்றேன். "இண்டைக்குத் தொடல்ல. நேத்தும் தொடல்ல."

அவள் என் கைகளைப் பார்த்தாள். கம்பி கிழித்த கைகள், நடுக்கம் இல்லை. பாதை கரையை முட்டியது. பஸ் உறுமியது. ஆட்கள் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. சந்தைக்குப் போகிறவள் கூடையைக் கீழே வைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, எனக்கு முன்னால் ஈரக் கம்பியைப் பிடித்தாள்.

"ஓம்" என்றாள். "இண்டைக்கு வாங்க. நாளைக்கு வாறதப் பத்தி நாளைக்குக் கேளுங்க."